தறிக்குழிமேல் நின்ற மோட்டார் சைக்கிள்

என் தறிக்குழியின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. முன்சக்கரம் குழிக்கு அந்தப் பக்கம், பின்சக்கரம் நான் உட்காரும் இடத்தில், நடுவில் குழிக்கு நேர் மேலே பிசுக்கு ஏறிய என்ஜின். தறியின் இரண்டு கம்பங்களிலும் கயிறு கட்டி, வண்டி சாயாதபடி இழுத்து முடிந்திருந்தது. குழிக்குள் என் அண்ணன் செருப்புக் காலோடு குனிந்து நின்றான். கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் குங்குமத்தோடு வாசற்படி ஏறிய நான் கண்ட காட்சி இது. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. இதை எழுத உட்கார்ந்தால் இப்போதும் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அதை மறைத்துக்கொண்டு பதவிசாக எழுத எனக்குத் தெரியாது.

நெசவு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்த் தறி தரையோடு தரையாக இருக்கும். கூடத்தில் இடுப்பளவுக்கு ஒரு குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். கண்ணுக்கு முன்னால் கூடத்தின் கோடிவரை நெடுக்கிழைகளான பட்டுப் பாவு நீண்டு கிடக்கும். பட்டுக்கு எண்ணெய் ஆகாது. ஒரு சொட்டுப் பட்டாலும் அந்தப் புடவை தள்ளுபடிதான். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் எங்கள் வீட்டில் யாரும் தறிப்பக்கம் போக மாட்டோம். தலைவாரிக்கொண்டால்கூடக் கையைச் சிகைக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குறுக்கே நூல் ஓட்டுகிற நாடாவைத் தொடுவேன். குழிக்குள் காலை விடுமுன் மிதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். இதெல்லாம் அண்ணனுக்குத் தெரியாதா என்ன. அவனும் அந்தக் கூடத்தில் தவழ்ந்து வளர்ந்தவன்தான்.

அப்பா போன பிறகு அந்தத் தறியில் உட்கார்ந்தவள் நான். அப்போது எனக்குப் பதினாறு. நான் சொல்லுகிற இந்தச் சம்பவத்தின்போது, அதாவது எழுபதுகளின் நடுவில், பத்தொன்பது. அண்ணன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, ஒரு பட்டுக்கடையில் சேர்ந்து, மெட்ராஸ் கடைகளுக்குப் புடவை கொண்டுபோய்க் காட்டுகிற வேலையில் இருந்தான். தறியில் உட்கார்ந்தால் பேன்ட் கசங்கிவிடும் என்பது அவன் கட்சி. அம்மா குறுக்கே ஓடும் ஊடைக்கு நூல் சுற்றித் தருவாள், நான் நெய்வேன். ஆனால் யார் வந்து விசாரித்தாலும், “பையன் வெளி வேலைக்குப் போறான், வூட்ல தறியும் ஓடிக்கினு இருக்குது” என்பதுதான் அம்மாவின் பதில். ஏதோ தறி தன்னால் ஓடுகிற மாதிரி.

தனியார் முதலாளி ஒருவரிடம் பாவு வாங்கி நெய்துகொண்டிருந்தோம். அவர் கொடுக்கும்போது வேலை, கொடுக்காதபோது சும்மா இருக்க வேண்டும். நெசவாளர் சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் பட்டும் ஜரிகையும் சங்கமே தரும், நெய்த புடவையைச் சங்கமே எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே, பட்டியலில் நம் பெயர் இருக்கும். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் எத்தனையோ பெண்கள் நெய்தார்கள். ஒருத்தியின் பெயரும் பட்டியலில் கிடையாது. புருஷன் பெயர், அப்பன் பெயர், மாமனார் பெயர், இவைதான் இருக்கும். எனக்கு என் பெயர் வேண்டும் என்றிருந்தது. புதிதாக ஆள் சேர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானே விண்ணப்பம் எழுதினேன். அதை ஒரு காக்கி அட்டைக்குள் வைத்து, அட்டைமேல் என் பெயரைக் குண்டு குண்டாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிபந்தனை ஒன்றே ஒன்று. வீட்டில் தறி ஓட்டத்தில் இருக்க வேண்டும், விண்ணப்பித்தவர் அதில் உட்கார்ந்து நெய்து காட்ட வேண்டும். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அண்ணனுக்கோ வெள்ளிக்கிழமைதான் முக்கியம். ஆரணிக்குப் பெண் பார்க்கப் போகிறான். பஸ்ஸில் போய் இறங்கினால் மரியாதை இல்லையாம், மோட்டார் சைக்கிளில்தான் போவானாம். அந்த வண்டியை ராணுவ ஏலத்தில் எடுத்தவர் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர், நயினார் ஒருவர். அவர் ஓட்டி அலுத்து அண்ணன் தலையில் கட்டியிருந்தார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி. வாங்கிய மாதமே மாகறல் பக்கத்தில் ஒரு கல்லின்மேல் ஏற்றி, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் விழுகிற தட்டை நசுக்கிக்கொண்டு வந்தான். மெக்கானிக்குகள் அதைச் சேம்பர் என்பார்கள். கசிகிற இடத்தில் துணி சவுக்காரத்தை அப்பிக் கொஞ்ச நாள் ஓட்டினான், பிறகு ஒரு வாரமாக நிறுத்தி வைத்தான். பட்டறையில் கேட்டால் சனிக்கிழமைக்கு முன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். “இன்னா பெரிய வித்தை, நாலு நட்டு. வூட்லயே கழட்டி மாட்டிடறேன்” என்று அண்ணன் கிளம்பினான். தட்டு இருப்பது வண்டியின் அடிவயிற்றில். ஒன்று வண்டியைப் படுக்கப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அடியில் போக வேண்டும். நெசவாளி வீட்டில் பிறந்தவனுக்கு அடியில் போக இடமா இல்லை.

புதன்கிழமை காலையில் அம்மா என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டாள். நாளைக்குச் சங்கத்து ஆள் வருகிறார், அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்றாள். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கிருந்து குமரகோட்டம், அங்கிருந்து ஏகாம்பரநாதர். அம்மாவுக்கு முட்டிவலி. ஒரு பிராகாரம் சுற்றினாலே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். அன்று மூன்று கோயிலையும் முழுக்கச் சுற்றினாள். என்மேல் இவ்வளவு கரிசனமா என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மடச்சி. வீட்டு வாசலில் நின்று அந்த வண்டியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. அம்மாவும் பிள்ளையும் முதல் நாளே பேசி வைத்திருக்கிறார்கள். என்னை வெளியே கிளப்புவது அம்மா வேலை, தறியைக் கழற்றுவது அவன் வேலை.

பாவை அறுக்கவில்லை, அந்த மட்டுக்கும் புண்ணியம். கல்யாண வீட்டுச் சமுக்காளத்தைச் சுருட்டுகிற மாதிரி சுருட்டி மூலையில் சாத்தியிருந்தான். விறைப்பு போன பட்டு இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

“இன்னாண்ணா இது?” என்றேன்.

“அரை நாள் வேலைமா. சாயங்காலம் வண்டிய எடுத்துர்றேன். அப்பால நீ மாட்டிக்கோ.”

“மாட்றதுக்கு ஒரு நாள் முழுசா ஆவும். காலைல ஆளு வராங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“வந்தா இன்னா. ஒக்காரவெச்சு மோர் குடு. நான் பேசிக்கறேன்.”

அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கோயில் பிரசாதத்தை மாடத்தில் வைத்தாள். “ஆம்பளப் புள்ள நல்ல காரியத்துக்குப் போவுது. நீ ஒரு நாளு பொறுத்துக்கக் கூடாதா?” என்றாள். நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அந்த ஒரு நாளைத்தான்.

அப்புறம் நடந்தது சிரிக்கக்கூடிய கதை, எனக்குச் சிரிப்பு வராது. தட்டில் ஒரு கரண்டி எண்ணெய்தான் தங்கும், மிச்சமெல்லாம் மேலே தொட்டியில் இருக்கும் என்று நயினார் சொல்லியிருந்தாராம். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அது சரி. ஒரு வாரம் அசையாமல் நின்றால் தொட்டி எண்ணெய் சன்னமாக இறங்கி இறங்கி என்ஜினின் அடிவயிற்றில் நிரம்பிவிடும். அண்ணனுக்கு அது தெரியாது. அவன் அப்பிய சவுக்காரம் ஒழுகவிடாமல் அத்தனையையும் பத்திரமாகப் பிடித்து வைத்திருந்தது. அடியில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணியை ஏந்திக்கொண்டு நாலாவது நட்டைக் கழற்றினான். ஒன்றரைப் படிக்குக் குறையாமல் கறுப்பு எண்ணெய் அவன் கைமேலும் தோள்மேலும் கொட்டி, என் மிதிகள்மேல் வழிந்து, குழிக்குள் நிறைந்தது. சாணி மெழுகிய மண்தரை. குடிக்கிற அளவு குடித்தது. “துணி குடும்மா, துணி குடும்மா” என்று கத்தினான். எண்ணெய் பட்டால் ஆகாது என்று தலைக்கு வைத்த விரலைக்கூடக் கழுவிக் கழுவி நெய்தவள் நான். அவனுக்குத் துணி எடுத்துக் கொடுக்க என் கை எழவில்லை.

நசுங்கின தட்டை அம்மிமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினான். மறுபடி குழியில் இறங்கித் தட்டை மாட்டினான். மாட்டினால் ஒழுகிற்று. ஒரு பக்கத்து நட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிவிட்டு அந்தப் பக்கத்தை ஒட்டவைத்தால், இந்தப் பக்கம் தட்டு தூக்கிக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் எட்டு மணிக்குள் முடித்துவிடுகிறேன் என்றான். எட்டு மணிக்கு மறுபடி கழற்றினான். ஒன்பது மணிக்கு, தட்டுக்கு மேலே இருக்கிற எண்ணெய்ச் சல்லடையை எந்தப் பக்கம் வைத்தேன் என்று தேடினான். ஒன்பதரைக்குச் சங்கத்து ஆள் வந்துவிட்டார்.

வயதானவர், தோளில் குடை, கையில் பை. எல்லார் வீட்டுக்கும் ஏறி இறங்கிக் களைத்த முகம். கூடத்துக்கு வந்தவர் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், மூலையில் சாத்தியிருந்த பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“தறி எங்கம்மா?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். நேற்றுவரை ஓடிற்று, நாளைக்கு வந்தால் ஓடும், ஒரு நாள் அவகாசம் கொடுங்கள், இதோ பாருங்கள் நெய்த துணி என்றெல்லாம் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் குழியிலிருந்து அண்ணன் தலையை நீட்டினான். முகமெல்லாம் எண்ணெய். பேன்ட் போட்ட தான் ஒரு அந்நியர் முன்னால் குழிக்குள் திணறிக்கொண்டிருப்பது அவனுக்கு வெட்கமாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். அந்த வெட்கத்தை மூட அவன் கையில் அகப்பட்டது நான்.

“தறியெல்லாம் இப்ப ஓட்டத்துல இல்ல சார். தங்கச்சி சும்மா பொழுது போவாம நெய்ஞ்சிக்கினு இருந்திச்சு. அதுக்கும் கல்யாணம் பேசிக்கினு இருக்கோம்” என்றான்.

ஒரே மூச்சில் மூன்று பொய். தறி முந்தின நாள் காலைவரை ஓடியது. நான் பொழுது போகாமல் நெய்யவில்லை, நான் நெய்ததைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவன் சம்பளம் அவன் சட்டைக்கும் வண்டிக்கும் சரியாகப் போயிற்று. கல்யாணமோ, என்னைப் பெண் கேட்டு ஒரு காக்கை வந்ததில்லை.

அந்த மனிதர் நல்லவர். உடனே எழுதிவிடவில்லை. “அப்படியாம்மா?” என்று என்னையே கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பேசாதே என்று கண்ணைக் காட்டினாள். வெளி மனிதர் முன்னால் அண்ணன் சொன்னதைப் பொய் என்று சொல்கிற பெண்ணை எங்கள் தெருவில் யாரும் வளர்க்கவில்லை. நான் சும்மா நின்றேன். என் வாழ்க்கையில் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, காக்கி அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அவர் தலை தெருவில் மறைந்ததும், “மேல ஏறு” என்றேன் அண்ணனிடம்.

“இன்னாம்மா, இதோ முடிஞ்சிடுச்சு…”

“ஏறுன்னா ஏறு.”

அதுவரை நான் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. ஏறிவிட்டான். நான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு என் குழியில் இறங்கினேன். அவனுக்கு உதவி செய்ய இறங்கவில்லை. அந்த வண்டி என் குழியைவிட்டுத் தொலைய வேண்டும், அது அவனால் ஆகாது, அவ்வளவுதான். தலைக்குமேல் என்ஜினின் வயிறு திறந்து கிடந்தது. அதன் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினேன். இழை அறுந்தால் பார்க்காமலே விரலில் தெரிந்துகொள்கிற கை என்னுடையது. கசியாமலிருக்க இடையில் வைக்கிற பழைய காகிதத்தின் துணுக்குகள் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பது உடனே தட்டுப்பட்டது. அண்ணன் அதைச் சுரண்டாமலே மேலே மேலே மாட்டியிருக்கிறான். ஒட்டியிருந்த தடத்திலிருந்தே தெரிந்தது, சல்லடைக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு காகித வளையம் வேண்டும். அவன் ஒன்றுதான் வைத்திருந்தான்.

“காயிதம் வேணும். கெட்டிக் காயிதம்” என்றேன். அவன் காலண்டரைத் தேடினான். என் கண்ணில் பட்டது காக்கி அட்டை. இனிமேல் அது எதற்கு. தட்டின்மேல் அட்டையை விரித்து வைத்து, விளிம்பில் சுத்தியால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் அச்சாக வெட்டுப்படும். இரண்டு வளையம் எடுத்தேன். மேலே போன வளையத்தில் என் பெயரின் முதல் இரண்டு எழுத்து இருந்தது. கிரீஸ் தடவி, விளிம்பைச் சுத்தமாகச் சுரண்டித் துடைத்து, வளையம், சல்லடை, வளையம், தட்டு என்று வரிசையாக ஏற்றினேன். நாலு நட்டையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, பிறகு எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். பாவைக் கட்டும்போதும் அப்படித்தான், ஒரு பக்கத்தை இழுத்து முடித்துவிட்டு மறு பக்கம் போகக் கூடாது. எண்ணெயை ஊற்றச் சொன்னேன். ஒரு மணி நேரம் குழிக்குள்ளேயே குந்தியபடி அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் அந்த வண்டியில்தான் ஆரணிக்குப் போனான். பெண்ணும் அமைந்தது. வண்டியை வீட்டிலேயே கழற்றி மாட்டின சாமர்த்தியசாலி மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் ஒரே பேச்சாம். அதையும் அவனே வந்து என்னிடம் சொன்னான், நான் குழியின் எண்ணெய் மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்துக் கூடையில் வாரிக்கொண்டிருந்தபோது. முழங்கால் ஆழத்துக்கு மண்ணை எடுத்தேன். புது மண் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, மெழுகிக் காயவைத்துத் தறி மாட்டப் பதினேழு நாளாயிற்று.

சங்கத்தில் அதற்குப் பிறகு மூன்று வருஷம் புது ஆள் சேர்க்கவில்லை. சேர்த்தபோது அண்ணன் தன் பெயரில் விண்ணப்பம் போட்டான். ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான், வீட்டுக்குப் பெரியவன் நான்தானே என்றான். தறி பார்க்க வேறொரு ஆள் வந்தார். நான்தான் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தேன். “நான் வெளிய போற நேரத்துல தங்கச்சி கை வெக்கும் சார்” என்றான் அண்ணன். அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். இந்த முறையும் நான் பேசவில்லை. அவன் சேர்ந்த நான்காவது வருஷம் சங்கத்தின் ஆண்டு விழாவில், ஒரு புடவைகூடத் தள்ளுபடி ஆகாத நெசவாளர் என்று மேடையில் ஏற்றி அண்ணனுக்குச் சால்வை போட்டார்கள். கூட்டம் கைதட்டியது. நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பக்கத்திலிருந்தவள் என் கையைக் கிள்ளி, “உங்கண்ணன்” என்று சிரித்தாள். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாயிற்று. பள்ளிக்கூட வாத்தியார் வீடு, சிமெண்டுத் தரை. அதற்குப் பிறகு நான் நெய்யவில்லை.

போன மாதம் அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுக் கிடக்கிறான் என்று பார்க்கப் போனேன். அண்ணி போய் ஆறு வருஷமாகிறது. மருமகள்தான் பார்த்துக்கொள்கிறாள். கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் அந்தச் சால்வை போட்ட போட்டோ. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினோம். பிறகு அவனாகவே ஆரம்பித்தான்.

“எம்மேல உனக்கு இன்னும் மனசுல கோவம் இருக்குதும்மா. எனக்குத் தெரியும். அன்னிக்கு எண்ணெயக் கொட்டுனது தப்புதான்” என்றான்.

ஐம்பது வருஷமாக நான் எண்ணெய்க்காகக் கோபப்பட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எண்ணெய நான் அப்பவே வாரிக் கொட்டிட்டேன்” என்றேன். பிறகு, குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி அவன் அந்த மனிதரிடம் சொன்னதை, ஒரு சொல் பிசகாமல், அவன் சொன்ன தினுசிலேயே சொல்லிக் காட்டினேன்.

அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். நடிக்கவில்லை. “அப்படியா சொன்னேன்?” என்றான்.

அவனுக்கு ஞாபகமே இல்லை. அந்த நேரம் பார்த்து மருமகள் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தாள். “இவகிட்ட சொல்லு” என்றேன். “அந்தப் போட்டோவக் காட்டி, யாரு நெய்ஞ்சதுன்னு சொல்லு. ஒரே ஒரு ஆள்கிட்டயாவது உன் வாயால சொல்லு.”

அண்ணன் போட்டோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மருமகளிடம், “நான் ஒரு நாளும் அந்தத் தறியில ஒக்காந்ததில்லம்மா. எல்லாம் உங்க அத்தை நெய்ஞ்சதுதான்” என்றான். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

மருமகள் டம்ளரை என் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் ஆச்சரியத்தையே காணோம். “அதான் எல்லாருக்கும் தெரியுமே மாமா” என்றாள் சாதாரணமாக. “எனக்குச் சம்பந்தம் பேசறப்பவே எங்க வூட்ல சொன்னாங்க. சங்கத்துலயும் தெரியும்னு சொல்லுவாங்க.”

காபியைக் குடித்தேனா வைத்துவிட்டேனா என்று நினைவில்லை. பஸ் ஸ்டாண்டுவரைக்கும் நடந்தேதான் வந்தேன். பட்டியலில் அவன் பெயரை ஏற்றிக் கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியும், மேடையில் சால்வையை விரித்தவருக்குத் தெரியும், கைதட்டின கூட்டத்துக்குத் தெரியும், என் கையைக் கிள்ளிச் சிரித்தவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் நான் ஒருத்தன்மேல் மட்டும் கோபமாக இருந்திருக்கிறேன். அது போதாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.